சரிவைப் பற்றி ஒரு வார்த்தை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், உன் அத்தானின் தோள்வலியைத் தவிர. உன் வீட்டுக்காரிக்கு இது ஏழாம் மாதம் அல்லவா, மாடிப்படி ஏற விடாதே.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நீ உழவு இயந்திரம் விற்றுப் பிழைக்கிறவன். உன் வாய்க்கு முன்னால் என் வாய் நிற்காது. காகிதம் என்றால் இரண்டு பேரும் சமம்.

ஒரு மாதமாக வீட்டில் ஒரே பேச்சுதான். அத்தானுக்குச் சட்டிக் கலப்பையும் ரோட்டவேட்டரும் வேண்டுமாம். அவற்றை இழுக்கப் பெரிய டிராக்டரும் வேண்டுமாம். எங்களிடம் இருக்கும் சின்ன டிராக்டரும் கொத்துக் கலப்பையும் களையைக் கொல்வதில்லை, மேலாகக் கீறிவிட்டுப் போகின்றன என்கிறார். அதில் பொய் இல்லை. களை எடுக்க ஆளும் கிடைப்பதில்லை. நாள் முழுக்கக் குனிந்து வெட்டிவிட்டு வந்து சட்டையைக் கழற்ற முடியாமல் நிற்கிறார். நான்தான் கழற்றிவிடுகிறேன்.

என் பயம் வேறு. நம் ஏழு ஏக்கரும் ஓட்டுக்கூரை மாதிரி சரிந்து கிடப்பது உனக்குத் தெரியும். மேல்மண் முழங்கை ஆழம்தான், அதற்கடியில் பாறை. அறுப்பு முடிந்ததும் சோளத்தட்டையை அப்படியே கிடக்கவிட்டு, சரிவுக்குக் குறுக்கே கீறி விதைப்பதால்தான் மண் அதன் இடத்தில் நிற்கிறது. அதைப் புரட்டிப் பொடியாக்கினால் மழைக்கு என்ன பதில் சொல்வது? சரிவின் அடியில் நாற்றுக்காரியின் பண்ணை வேறு இருக்கிறது. காய்கறி நாற்று வளர்த்து விற்றுத் தனியாகப் பிழைக்கிறாள் பாவம். மேலே இருந்து எது வந்தாலும் அவள் தலையில்தான்.

வாங்குவதென்றால் உளிக் கலப்பை வாங்குவோம் என்கிறேன் நான். அது அடியில் போய் இறுக்கத்தை மட்டும் உடைக்கும், மேலே புரட்டாது. "அது நிலத்துக்கு முதுகு சொறிஞ்சு விடத்தான் ஆகும்" என்கிறார் அவர்.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். "உன் தம்பி சொல்லட்டும். அவன் வேணாம்னா நான் அப்புறம் வாயத் திறக்கல" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. அப்பா நிலத்தில் பாதி உன்னுடையது, இயந்திரமும் உனக்குத் தெரியும். சொல், சரிவுக்கு அது ஆகுமா, ஆகாதா?

உன் பதில் வரும்வரை எங்கள் வீட்டில் சண்டைக்கு விடுமுறை.

அன்புடன்,
அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ந்தோம். இங்கே அவளும் நானும் நலம். மாடிப்படி விஷயத்தைப் படித்துக் காட்டினேன். "உங்க அக்காவுக்கு இருக்கிற அக்கறை உங்களுக்கு இல்ல" என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது.

அத்தான் நினைப்பதில் தவறில்லை அக்கா. சட்டிக் கலப்பை களையை வேரோடு புரட்டி அடியில் போட்டுவிடும். அதன்மேல் ரோட்டவேட்டரை ஒருமுறை ஓட்டினால் மண் பொலபொலவென்று ஆகிவிடும், விதை ஒரே சீராக முளைக்கும். நான்கு நாள் வேலை ஒரே நாளில் முடியும். அத்தானின் தோளை நினைத்துப் பார். 'அகல உழுவதை ஆழ உழு' என்று சும்மாவா சொன்னார்கள்? இந்த மாதத்துக்குள் எடுத்தால் விதைக்கும் பெட்டியும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறேன். முதல் உழவுக்கு எங்கள் ஓட்டுநரையே அனுப்பி வைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

நலம், உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். களை இருக்கிறது, விதை இருக்கிறது, அத்தானின் தோள்கூட இருக்கிறது. சரிவு என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. வழியைக் கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிற கதையாக இருக்கிறது. ஆழ உழச் சொன்னவன் சமநிலத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லியிருப்பான். நம் நிலத்தில் ஆழ உழுதால் கலப்பைதான் உடையும்.

நான் கேட்டது ஒரே கேள்வி. ஒரு வார்த்தையில் எழுதினால் போதும்.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். வேலை நெருக்கடியில் பதில் தாமதமாகிவிட்டது. போன வாரமே அத்தானிடம் போனில் பேசி முடிவு செய்துவிட்டோம், சொல்லியிருப்பார். பத்தொன்பதாம் தேதி டிராக்டரும் கலப்பையும் வந்து இறங்கும்.

நீ இன்னும் பயந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். எதற்கு அக்கா பயம்? என் பாதியும் அந்த நிலத்தில்தானே இருக்கிறது. என் மண்ணுக்கு நானே குழி பறிப்பேனா?

உன் தம்பி

ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் வீட்டுக்காரியின் கால்வீக்கம் குறைந்ததா?

சொன்ன தேதியில் எல்லாம் வந்து சேர்ந்தது. நீ அனுப்பிய ஓட்டுநர் நல்ல மனிதர், சாப்பிடக் கூப்பிட்டாலும் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் படி ஏறுகிறார். வேலை தொடங்கும்போது அவரிடம், "குறுக்கே ஓட்டுங்க, மேலும் கீழுமா ஓட்டாதீங்க" என்றேன். ஒரு சுற்று குறுக்கே போய்ப் பார்த்தார். பாதி வழியில் மேட்டுப்பக்கத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. இறங்கி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, இது கனத்த வண்டி. இந்தச் சரிவுல குறுக்கே ஓட்டினா கவுந்துடும். மேல இருந்து கீழதான் இழுக்க முடியும். எனக்கும் வீட்ல ஆள் இருக்காங்க."

நான் வரப்புக்கு விலகி நின்றேன். மேலிருந்து கீழே கோடு கோடாக இழுத்தார். தட்டை எல்லாம் மண்ணுக்குள் போயிற்று. மறுநாள் ரோட்டவேட்டர்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாவு சலித்துக் கொட்டிய மாதிரி ஏழு ஏக்கரும் ஒரே நிறம். அத்தான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்து பார்த்தார். இந்த வயதில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. விதைத்த ஐந்தாம் நாளே பயிர் வரிசையாக எட்டிப் பார்த்தது. நான்தான் வீணாக மல்லுக்கு நின்றுவிட்டேனோ என்று தோன்றுகிறது. அப்படி இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

அன்புடன்,
அக்கா

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு நல்ல செய்திகள். நீ அத்தையாகிவிட்டாய். போன புதன்கிழமை காலையில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். மூக்கு உன் மூக்கு என்று எல்லாரும் சொல்கிறார்கள், கோபம் எப்படியோ போகப் போகத்தான் தெரியும்.

இன்னொன்று, என்னைக் கிளை மேலாளர் ஆக்கிவிட்டார்கள். தனி அறை, கண்ணாடிக் கதவு. அக்காவுக்கு எழுதிவிட்டுத்தான் அந்த நாற்காலியில் உட்காருவேன் என்று நின்றுகொண்டே எழுதுகிறேன்.

பயிர் நன்றாக வந்ததில் நிம்மதி. அத்தானிடம் சொல்.

உன் தம்பி

ஜூன் 19

தம்பிக்கு,

குழந்தை சுகமா? தாய்க்குப் பால் நன்றாகச் சுரக்கிறதா? அதை முதலில் எழுது.

பதினான்காம் தேதி மத்தியானம் மழை பெய்தது. முக்கால் மணி நேரம்தான். வாசலில் நின்று பார்த்தேன். முதலில் மண் நிறம் மாறி மேலே ஓடு கட்டியது போல் இறுகிவிட்டது. அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்கவே இல்லை. ஓட்டுநர் இழுத்த ஒவ்வொரு கோடும் ஒரு வாய்க்கால் ஆயிற்று. வாய்க்கால்கள் சேர்ந்து ஓடையாயின. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பயிர் நின்ற வாக்கில் நகர்ந்து போனது. ஒரு வரிசை முழுதாக, விழாமல், ஊர்வலம் போகிற மாதிரி.

மழை விட்டபோது நிலத்தின் நடுவில் மாட்டுவண்டி அகலத்துக்கு ஒரு பள்ளம். மேல்பாதியில் பல இடங்களில் பாறை தெரிகிறது.

போன மண் எல்லாம் நாற்றுக்காரியின் பண்ணைக்குள் இறங்கிவிட்டது. அவள் கொட்டகைக்குள் நாற்றுத் தட்டுகளை உயரத்தில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். சேற்றின் பாரம் தாங்காமல் பின்சுவர் அவள்மேல் சாய்ந்தது. அத்தானும் நானும் கல்லைப் புரட்டி அவளை வெளியே எடுத்தோம். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை மணிக்கட்டுக்குக் கீழே நசுங்கிவிட்டது. மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். விதை ஊன்றுகிற கை அது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். திட்டுவாள் என்று மனதைத் தயார் செய்துகொண்டு போனேன். "உங்க நெலத்துக்கு ரொம்ப சேதமா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

உடனே பதில் எழுது.

அக்கா

ஆகஸ்ட் 1

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலமா? குழந்தைக்குச் சளி பிடித்திருந்தது, கிளையில் கணக்குத் தணிக்கை, அதனால் எழுத முடியவில்லை. தவறாக நினைக்காதே.

செய்தி படித்து மிகவும் வருந்தினேன். இந்த வருடம் எல்லா இடத்திலுமே இப்படித்தான் அக்கா. பத்து வருடத்தில் ஒருமுறை பெய்கிற மழை. யாரால் என்ன செய்ய முடியும்? அந்த அம்மாளுக்கு என் ஆறுதலைச் சொல்.

இயந்திரத்துக்கு முதல் பராமரிப்பு பார்க்க ஒரு மெக்கானிக்கை அனுப்பியிருக்கிறோம். நல்ல வேலைக்காரர்.

உன் தம்பி

ஆகஸ்ட் 13

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம்.

உன் மெக்கானிக் வந்தார். அத்தான் பெயரில் வாங்கியதால் நான் உன் அக்கா என்று அவருக்குத் தெரியாது. பையைக் கீழே வைத்துவிட்டு இயந்திரத்தைப் பார்க்கவில்லை, நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த நெலத்துக்கா இத வித்தாங்க?"

"ஏன், என்ன?" என்றேன்.

"எங்க கடையில புதுசா சேர்ற ஆளுக்கு மொத நாளே சொல்லிக் குடுப்பாங்கம்மா. நூறடிக்கு எட்டடிக்கு மேல இறங்கற நெலம்னா சட்டிக் கலப்பையும் ரோட்டவேட்டரும் பேச்சே எடுக்கக் கூடாது. உளிக் கலப்பையத்தான் காட்டணும்."

"யாரு சொல்லிக் குடுப்பாங்க?"

"இப்ப மேனேஜரா இருக்காரே, அவருதான். நாலு வருஷமா அவருதான் பாடம் எடுக்கறாரு. ரெண்டு கண்ணாடிப் பெட்டியில மண்ணச் சரிவா வெச்சுத் தண்ணி ஊத்திக் காட்டுவாரு. தட்டை போட்டு மூடின பெட்டியில இருந்து தெளிஞ்ச தண்ணி வரும். பொடியாக்கின பெட்டியில இருந்து சேறு கொழகொழன்னு இறங்கும். ஒரு தடவ பாத்தவன் மறக்க மாட்டான். அவ்ளோ அழகா சொல்லுவாரு."

அவரிடம் அளவு நாடா இருந்தது. அளக்கச் சொன்னேன். நூறடிக்குப் பதினான்கு அடி.

அத்தான் அப்போது கீழே நாற்றுக்காரியின் கொட்டகையில் சேறு அள்ளிக்கொண்டிருந்தார். தினமும் போகிறார். 'என் ஆசைதான் அவ விரல எடுத்துச்சு' என்று ஒருநாள் சொன்னார், அதற்கப்புறம் என்னோடு அதிகம் பேசுவதில்லை. மெக்கானிக் சொன்னதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

உன் பாதி நிலம் எங்கே என்று கேட்பாயானால், அது நாற்றுக்காரியின் வாசலில் கிடக்கிறது. வந்தால் அள்ளிக்கொண்டு போகலாம்.

அக்கா

அக்டோபர் 6

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

ஏழெட்டுக் கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதை அனுப்பிவிடுகிறேன்.

தெரியும். உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே தெரியும். மேலாளர் இடத்துக்கு என்னையும் இன்னொருவரையும் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். மார்ச் முடிவில் யார் அதிகம் விற்றிருக்கிறாரோ அவருக்கு என்று பேச்சு. எனக்கு ஒரு விற்பனை குறைந்தது. அந்த நேரத்தில் உன் கடிதம் வந்தது.

உனக்கு எழுத உட்கார்ந்தபோது ஒவ்வொரு முறையும் சரிவு என்ற சொல்வரை பேனா வந்து நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போனேன். பொய் எழுதவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு வருடம் எப்படியும் தாங்கும், நாற்காலி கிடைத்ததும் உளிக் கலப்பையாக மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மழை எனக்காகக் காத்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

அத்தானிடம் சொல்லிவிடு. அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. இனிமேல் சரிவு நிலத்துக்கு இதை விற்க மாட்டேன், விற்க விடவும் மாட்டேன். என் மகள் மேல் ஆணை. ஒருமுறை வந்து உங்கள் இரண்டு பேரையும் பார்க்க அனுமதி கொடு.

தம்பி

அக்டோபர் 18

தம்பிக்கு,

குழந்தை சுகமாக இருக்கட்டும். அதன் மேல் ஆணையிடாதே. அதற்கு என்ன தெரியும்.

உன் கடிதத்தை அத்தானிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தார். "அவன் என் கையப் பிடிச்சு இழுக்கல. ஆசைப்பட்டது நான்" என்றார். கொஞ்ச தூரம் நடந்து போனவர் திரும்பி வந்து, "ஆனா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். அதற்காக மட்டும் உனக்கு நன்றி.

இப்போது பெரிய டிராக்டரை எடுத்துக்கொண்டு கீழே சமநிலக்காரர்களுக்குக் கூலிக்கு உழுகிறார். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். நான் நிலத்தில் கல் பொறுக்கிக் குறுக்கே வரிசையாக அடுக்குகிறேன். இரண்டு ஏக்கரையாவது காப்பாற்றலாம் என்று பார்க்கிறேன். மீதியில் கலப்பைக்கு வேலை இல்லை, பாறையை யார் உழுவது?

நீ வருவதைப் பற்றிக் கேட்டாய். வா என்று எழுத மனம் வரவில்லை. வராதே என்றும் எழுதவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் வாசலில் வந்து நின்றால் துரத்தவா போகிறேன்.

அக்கா

டிசம்பர் 20

தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. வருட முடிவு, வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர்ச்சரிவில் புருஷனும் பெண்சாதியுமாக இரண்டு பேர் இந்த வருடம்தான் நிலம் வாங்கிக் குடி வந்திருக்கிறார்கள். சின்ன வயது. நேற்று அங்கே லாரியில் வந்து ஏதோ இறங்கியது. எங்கள் கலப்பைக்கு இருக்கிற அதே சிவப்புச் சாயத்தைப் பார்த்ததும் எனக்கு என்னவென்று தெரிந்துவிட்டது. அப்படியே கிளம்பிப் போனேன்.

"எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டேன். உன் கடையைச் சொன்னார்கள். உன் ஆட்களில் யாரோ உனக்குத் தெரியாமல் விற்றுவிட்டார்கள் போல, உடனே உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"யாரும்மா வந்து நெலத்தப் பாத்தது?"

"மேனேஜரே நேர்ல வந்தாருங்க" என்றாள் அந்தப் பெண். "போன செவ்வாய்க்கிழமை. நல்ல மண்ணு, ஒண்ணும் ஆகாதுன்னாரு."

அவர்கள் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். நம் நிலம் உள்ளங்கை மாதிரி தெரிகிறது. பள்ளமும் தெரிகிறது. எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்த துணியைக்கூட எண்ணிவிடலாம். போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து சாயங்காலம்வரை நான் அந்தச் சரிவில்தான் கல் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. "எதிர்ல இருக்கிற பாறையக் காட்டி, அது ஏன் அப்படி இருக்குன்னு கேட்டேங்க" என்றாள். "அது எப்பவுமே அப்படித்தான்னாரு."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் வாசற்படியில் உட்கார்ந்தேன். அவள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

பிறகு இரண்டு பேரையும் நம் நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். மார்ச்சில் முழங்கை ஆழம் இருந்த இடத்தில் கையால் மண்ணைத் தள்ளிக் காட்டினேன். விரற்கடை அளவுகூட இல்லை. நாற்றுக்காரியிடம் அழைத்துப் போனேன், அவள் கையைப் பார்த்தார்கள். அவளே நடந்ததைச் சொன்னாள், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல். அந்தப் பையன் என் பக்கம் திரும்பினான். "உங்களுக்கு இத வித்தது யாரு?" என்றான்.

"அதே ஆள்தான்" என்றேன். "என் கூடப் பிறந்தவன்."

வியாழக்கிழமை இயந்திரத்தை அப்படியே லாரியில் ஏற்றித் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள். மண்ணில் படாத இயந்திரம், முகம் கோணாமல் எடுத்துக்கொள். எதிரே பாறை ஏன் என்று அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு உன் முன்னால் நேராகப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று நானும் நாற்றுக்காரியும் அந்த லாரியில் வருகிறோம். அத்தான் தடுக்கவில்லை.

குழந்தைக்கு இரண்டு சட்டை தைத்திருந்தேன். அவற்றை இன்று தபாலில் போட்டுவிட்டேன். வியாழக்கிழமை நான் வருவது உன் வீட்டுக்கு இல்லை, கடைக்கு.

அக்கா